ஸ்டீல் கிட்டார் மாணவிக்கு: முதலில் ஸ்டூல்

அன்புள்ள கண்ணு,

போன வாரம் நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், “எழுதறேன்மா” என்று வைத்துவிட்டேன். வருத்தப்பட்டிருப்பாய். சீட்டுப் பணம் கையில் இருக்கிறது, அதில் ஆம்ப்ளிபையர் வாங்கலாமா, கிட்டாரின் பிக்கப்பை மாற்றலாமா என்பது உன் கேள்வி. நான் உன்னைத் திருப்பிக் கேட்டது வேறு. “எதுமேல உட்கார்ந்து வாசிக்கிற?” நீ கொஞ்சம் திகைத்து, “கட்டில் மேலதான் மாஸ்டர். அப்பா இல்லாதப்ப அவரோட பிளாஸ்டிக் சேர்ல. கரண்ட் போனா திண்ணையில” என்றாய்.

இந்தக் கடிதம் முழுக்க அந்தப் பதிலைப் பற்றித்தான்.

ஆறு மாதமாக உன் வாசிப்பைக் கேட்டு வருகிறேன். நீ ஜி.டி. நெல்லூரிலிருந்து பஸ் ஏறி சித்தூர் வந்து என் வீட்டில் வாசிக்கும்போது சுருதி சுத்தமாக நிற்கிறது. வீட்டில் வாசித்து போனில் அனுப்பும் பதிவுகளில் மட்டும் மேல் ஸட்ஜம் ஒரு நாள் மயிரிழை தாழ்ந்திருக்கிறது, இன்னொரு நாள் ஏறியிருக்கிறது. கையும் கிட்டாரும் வர்ணமும் ஒன்றுதான். காதில்தான் கோளாறு என்று நீயே முடிவு கட்டி, தம்புராவைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்காக ஒற்றைச் சுரம் வாசித்தாய். ஒருநாள் அழவும் செய்தாய்.

போனில் நீ சொன்ன பிறகு பழைய பதிவுகளை எல்லாம் மறுபடி போட்டுக் கேட்டேன். பின்னால் கட்டில் முனகுகிற பதிவுகளில் ஸட்ஜம் தாழ்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிடுகிற பதிவுகளில் ஏறியிருக்கிறது. உன் காது நன்றாக இருக்கிறது கண்ணு. குறை இருக்கையில்.

ஏன் என்று சொல்கிறேன். சாதாரண கிட்டாரில் விரல் கொஞ்சம் முன்னே பின்னே பட்டாலும் கவலையில்லை. கம்பி எந்த ஃபிரெட்டில், அதாவது மெட்டில், படுகிறதோ அந்தச் சுரம் வரும். மடியில் கிடத்தி வாசிக்கிற நம்முடையதில் ஃபிரெட் வெறும் கோடு. நட்டைத் தூக்கி வைத்திருப்பதால் கம்பி பலகைக்கு மேலே ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உயரத்தில் ஓடுகிறது, இரும்புப் பார் அதற்கும் மேலே கிடக்கிறது. பாரைக் கோட்டுக்கு நேராக வைத்தோம் என்று கண் சொல்வதை நம்பித்தான் கை நகர்கிறது. கண் நேர் மேலிருந்து பார்த்தால் அது சொல்வது உண்மை. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பொய். மாவரைக்கிற மில்லில் தராசு முள்ளை ஓரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு எடையும் நேரே நின்று பார்க்கிறவருக்கு ஒரு எடையும் தெரியுமே, அதே கதைதான்.

கணக்காகவே பார்த்துவிடலாம். உன் கண் கம்பிக்கு மேலே 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வை. மேல் ஸட்ஜத்துக்குரிய 12ஆவது கோடு உன் மூக்குக்கு நேரே இல்லாமல் 15 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், பார் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் இருப்பதாகத் தெரியும் இடத்துக்கும் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். உன் கிட்டாரில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி 65 சென்டிமீட்டர். அந்த அளவில் 12ஆவது கோட்டுக்கும் 13ஆவதற்கும் இடையே இருப்பதே 18 மில்லிமீட்டர்தான். அரைச் சுரத்தில் ஆறில் ஒரு பங்கு பிசகிவிடுகிறது. தெரு முனையில் கேட்டாலும் தெரியும் பிசகு அது.

எந்தப் பக்கம் பிசகும் என்பதும் இதிலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலிக்குக் கைப்பிடி உண்டு. கிட்டாரின் வயிறு வலது கைப்பிடியில் இடிக்கும். நீ தெரியாமலே கிட்டாரை இடப்பக்கம் தள்ளிக்கொள்வாய். 12ஆவது கோடு மூக்குக்கு இடப்புறம் போய்விடும். கண்ணுக்குச் சரியாகத் தெரிவதற்காகப் பாரை வலப்புறம், அதாவது பிரிட்ஜ் பக்கம் கூட்டி வைப்பாய். சுரம் ஏறும். கட்டிலில் உட்கார்ந்தால் சுவரில் சாய்கிறாய், கிட்டார் வலப்பக்கம் சரிகிறது, சுரம் தாழ்கிறது. காது திருத்தும்தான். ஆனால் காது திருத்துவதற்குள் பிசகிய சுரம் வெளியே போய்விட்டது. திருத்துகிற அசைவும் ஒரு இழுப்பாகக் கேட்கும். வீணையில் கமகம் போட நாம் மெனக்கெட்டு இழுக்கிறோம். இங்கே வேண்டாத இடத்தில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பைரவியிலும் தோடியிலும் இருக்கும் நுணுக்கமெல்லாம் அந்த 3 மில்லிமீட்டருக்குள் அடிபட்டுப் போகும்.

எனக்கு இது யாரும் சொல்லித் தரவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முப்பது வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண வரவேற்பு. வாசிக்கிறவரை மதிக்க வேண்டும் என்று பெண் வீட்டார் எனக்கு ஒரு பெரிய மெத்தை சோபாவை மேடையில் போட்டிருந்தார்கள். உட்கார்ந்ததும் அரை முழம் உள்ளே போய்விட்டேன். முழங்கால் இரண்டும் இடுப்புக்கு மேலே ஏறிவிட்டன. கிட்டார் வயிற்றுப் பக்கம் சரிந்து நின்றது. 12ஆவது கோட்டை எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரம் வாசித்தேன். முதல் பாட்டிலேயே வயலின்காரர் வில்லை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த பாட்டிலிருந்து நான் வாசித்த இடங்களில் அவர் சேரவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. நான் சுருதி கெட்ட வாசிப்புக்காரன் என்று அந்த வயலின் பெரியவர் நினைத்துவிட்டார் என்பது பல வருஷம் மனசில் கிடந்தது. மறுநாள் வீட்டில் வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்து அதே பாட்டுகளை வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அன்றுதான் சோபாவை நினைத்தேன்.

உட்காருவது வாசிப்பை மாற்றும் என்பதற்குப் பெரிய சாட்சி வயலின்தான். மேல்நாட்டில் நின்றுகொண்டும் நாற்காலியிலும் வாசிக்கிற வாத்தியம் அது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் நம்மிடம் வந்து தரையில் உட்கார்ந்தது. தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது பாதத்தின்மேல் ஊன்றிக்கொண்டதும் இடது கைக்கு அதைத் தாங்கும் வேலை இல்லாமல் போயிற்று. தாங்கும் வேலை போனதால் அந்தக் கை கம்பியின் மேலும் கீழும் வழுக்கி ஓட முடிந்தது. இன்று நாம் கேட்கிற கமகமெல்லாம் அந்த உட்காரும் முறையால் வந்த சுதந்திரம். நம் வாத்தியத்துக்கும் உட்காரும் முறை அவ்வளவு முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்டீல் கிட்டார் நாற்காலியோடு நம் நாட்டுக்கு வந்த வாத்தியம். ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெக்குக்கு என்ற இளைஞர் 1880களின் கடைசியில் இரும்புத் துண்டால் கம்பியைத் தேய்த்து வாசிக்கும் முறையை உருவாக்கினார் என்று சொல்வார்கள். அவருக்கு முன்பே, இந்தியாவில் பிறந்து ஹவாய் போய்ச் சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்பவர் அப்படி வாசித்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஹவாய்க் குழுக்கள் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கிட்டாரைக் கிடத்தி வாசித்தன. 1940களில் ஹவாய்க் கிட்டார் கலைஞர் டாவ் மோ கல்கத்தாவில் தங்கியிருந்த காலத்தில் அந்த ஊரில் இந்த வாத்தியம் வீடுவீடாகப் பரவியது. என் இளமையில் வான் ஷிப்லியும் சுனில் கங்குலியும் வாசித்த சினிமாப் பாட்டு இசைத்தட்டுகள் ரேடியோவில் வராத நாள் கிடையாது.

பிறகு அது நாற்காலியை விட்டு இறங்கியது. ஜோத்பூரைச் சேர்ந்த பிரிஜ் பூஷண் காப்ரா, அலி அக்பர் கானிடம் பயின்று, இந்தக் கிட்டாரில் முழு ராகத்தையும் வாசிக்க ஆரம்பித்தார். 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் சேர்ந்து வாசித்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டை நீ அவசியம் கேட்க வேண்டும். அவரும், அவரிடம் கற்ற தேபாசிஷ் பட்டாச்சார்யாவும், மோகன வீணை வாசிக்கும் விஸ்வமோகன் பட்டும் தரையில் சம்மணமிட்டு மடியில் வைத்து வாசித்து வந்தவர்கள். தெற்கே நமக்கு இன்னும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. கோட்டுவாத்தியம், இன்று சித்திரவீணை என்கிறார்களே, அதற்கும் மெட்டு கிடையாது. ‘கோடு’ என்கிற உருளைக் கட்டையை வழுக்கித்தான் வாசிப்பார்கள். வாத்தியத்தை மடியில் ஏற்றாமல் தரையில் எதிரே படுக்க வைத்துக்கொள்வார்கள். திருவிடைமருதூர் சகாராம ராவிடம் செம்மங்குடி சீனிவாசய்யர் பாட்டுக் கற்றார் என்பதை நினைத்துப் பார். வாய்ப்பாட்டுக்காரர் ஒருவர் வழுக்கு வாத்தியக்காரரிடம் போய்க் கற்கிற அளவுக்கு அதில் குரல் இருந்தது. மைசூர் சமஸ்தானத்து நாராயண அய்யங்கார், கலாக்ஷேத்திராவில் சொல்லிக் கொடுத்த பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி, நம் காலத்தில் ரவிகிரண் என்று அந்த வரிசை நீள்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, “அப்ப நானும் கீழே உட்கார்ந்திடறேன் மாஸ்டர்” என்று சொல்வாய். அவசரப்படாதே. நீ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவோடு வாசிக்கிறாய், அங்கே எல்லாரும் நிற்கிறார்கள். கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் கூப்பிடுகிறார்கள். அதோடு வால்யூம் பெடல் பழக வேண்டும் என்று உனக்கு ஆசை. பெடலை வலது காலால் அழுத்த வேண்டும். சம்மணமிட்டவருக்குக் கால் ஏது? அதே சமயம், திருப்பதியில் ஒரு நாள் கச்சேரி மேடையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் மிருதங்கமும் வயலினும் இருக்க வாசிக்கப்போகிறாய், அப்போது ஸ்டூலில் உயர்ந்து உட்கார்ந்தால் பார்க்கவும் நன்றாயிராது, பக்கவாத்தியக்காரர் முகமும் தெரியாது. இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் பழகாதே. இரண்டு வருஷம் ஸ்டூல். கோடு பார்க்காமலே பார் போய் நிற்கும் அளவுக்குக் கை தேறிய பிறகு தரை. அப்போதும் 12ஆவது கோடு மூக்குக்கு நேரே இருந்தால் போதும். அந்த ஒன்று மாறாத வரை ஸ்டூலானாலும் தரையானாலும் சுருதி உன்னை விட்டுப் போகாது.

ஸ்டூல் எப்படி இருக்க வேண்டும்? என் வீட்டில் நீ உட்காருகிறாயே, அது தையல்காரர் ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய மெஷின் ஸ்டூல். உயரம் 16 அங்குலம். உன் குதிகால் இரண்டும் அதில் முழுசாகத் தரையில் படிகின்றன, தொடை மட்டமாக இருக்கிறது, கிட்டார் எங்கும் சரியவில்லை. சித்தூரில் உன் சுருதி நின்றதற்குக் காரணம் நான் இல்லை, அந்த ஸ்டூல். கடையில் விற்கும் நாற்காலிகள் பெரும்பாலும் 17, 18 அங்குலம். உன் உயரத்துக்கு அது அதிகம். குதிகால் தூக்கிக்கொள்ளும், தொடை முன்பக்கம் சரியும், கிட்டார் முழங்காலைப் பார்த்து வழுக்கும். அதைப் பிடித்து நிறுத்தத் தெரியாமலே வலது முழங்கையால் அழுத்துவாய். பிறகு பிக் போடும் விரல்கள் எப்படித் தளர்வாக இருக்கும்?

செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, தரையிலிருந்து முழங்காலின் உட்புற மடிப்பு வரை அளந்துகொள். அதுதான் உன் அளவு. அரை அங்குலம் முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். வாசித்து அரை மணி ஆவதற்குள் பாதத்தில் எறும்பு ஊறினால் இருக்கை உயரம் என்று அர்த்தம். முன் விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்துகிறது. குறுக்கு வலித்தால் இருக்கை தாழ்வு, இல்லையென்றால் நீ பின்னால் தள்ளி உட்கார்ந்து கூன் போடுகிறாய். ஸ்டூலின் முன் பாதியில் உட்கார். உட்காரும்போது பலகையில் முட்டுகிற இரண்டு எலும்புகள் இருக்கின்றனவே, எடை முழுக்க அவற்றில் இறங்கட்டும்.

மெத்தை விஷயத்தில் எனக்குக் கண்டிப்பான அபிப்பிராயம் உண்டு. பஞ்சு ஃபோம் வேண்டவே வேண்டாம். உட்கார்ந்தபோது ஓர் உயரம், ஒரு மணி நேரம் கழித்து வேறு உயரம். ஒரு பக்கம் மட்டும் அமுங்கினால் இடுப்பே கோணிவிடும். தென்னை நார் திணித்து, ஒரு அங்குலத்துக்கு மேல் போகாத திண்டு போதும். மேலே ரெக்ஸின் போடாதே. நம் ஊர் சித்திரை வெயிலில் ரெக்ஸின் தொடையோடு ஒட்டிக்கொள்ளும், அசையும்போது சத்தம் போடும், மைக் அந்தச் சத்தத்தை வாரி எடுத்துக்கொள்ளும். கெட்டியான பருத்தித் துணி தைத்துக்கொள். சுழலுகிற ஸ்டூலும் வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு மேல் சுரத்துக்கும் உன் உடம்பு தானாக வலப்பக்கம் திரும்பும், 12ஆவது கோடு மறுபடி மூக்கை விட்டு ஓடிவிடும். டிரம்ஸ்காரர்களின் வட்ட ஸ்டூல் நல்லதுதான், உயரத்தை ஏற்றி இறக்கலாம். திருகைச் சரியாக இறுக்காவிட்டால் வாசிப்பின் நடுவே மெல்ல இறங்கும் என்பதை மட்டும் மறக்காதே.

துணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஆம்பளைகள் வழக்கமாக இதை எழுதுவதில்லை. பட்டுப் புடவையில் கிட்டார் நிற்காது. கல்யாணத்துக்கு வாசிக்கப் போகும் நாளில் மடியில் நனைத்துப் பிழிந்து உலர்த்திய ஒரு கதர்த் துண்டை நாலாக மடித்துப் போட்டுக்கொள். பட்டும் பாழாகாது, கிட்டாரும் வழுக்காது. வீட்டில் சுடிதார் போட்டு வாசித்துப் பழகிவிட்டு, மேடையில் முதல் முறையாகப் புடவை கட்டி உட்காராதே. நாலு நாளைக்கு முன்பே அதைக் கட்டிக்கொண்டு அதே ஸ்டூலில் வாசித்துப் பார்.

பெடல் ஸ்டீல் என்று ஒரு ஜாதி இருக்கிறது. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்துப் பாட்டுகளில் அழுகிற மாதிரி ஒரு கிட்டார் கேட்குமே, அதுதான். நாலு காலில் மேஜை போல நிற்கும். பட்டி எம்மன்ஸ் வாசித்ததைத் தேடிக் கேள். ஒரு காலால் பெடல்களை அழுத்துவார்கள், இன்னொரு கால் வால்யூமில், முழங்கால்கள் பக்கவாட்டில் இருக்கும் நெம்புகோல்களைத் தள்ளும். ஒரு பாதம்கூடத் தரையில் ஊன்றி நிற்காது. உடம்பை முழுக்கத் தாங்குவது இருக்கைதான். அதனால் அந்த ஊர்க்காரர்கள் இருக்கைக்கு வாத்தியத்துக்குச் சமமான கவனம் கொடுப்பார்கள். பலகைக்குக் கீழே பெட்டி வைத்துச் செய்து, பார், பிக், கம்பி, வயர் எல்லாம் அதிலேயே போட்டு எடுத்துப் போவார்கள். உனக்கும் அப்படி ஒரு பெட்டி ஸ்டூல் செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. பஸ்ஸில் ஒரு கையில் கிட்டார், ஒரு கையில் ஸ்டூல், பை தனியாக வேண்டாம்.

ஆமாம், ஸ்டூலைக் கையோடு கொண்டுபோக வேண்டும். வாசிக்கிற இடமெல்லாம். “நாற்காலி போட்டிருப்பாங்களே” என்று வீட்டில் சொல்வார்கள். போட்டிருப்பார்கள், எது என்பது போனால்தான் தெரியும். கைப்பிடி வைத்தது, முதுகு சாய்ந்தது, ஒரு கால் குட்டையானது. மிருதங்கக்காரர் தன் வாத்தியத்தை அந்த ஊரில் வாடகைக்கு எடுப்பாரா? பந்தலில் மண் தரையாக இருந்தால் நாலு கால் ஸ்டூல் ஆடும். அட்டையை மடித்து ஒரு காலுக்குக் கீழே வை. மூன்று கால் முக்காலி ஆடாது என்று யாராவது சொன்னால், பெடலுக்குக் காலைத் தூக்கும்போது அது கவிழும் என்பதையும் சொல்லிவிடு.

இதற்கெல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றும். எனக்கு உன்மேல் ஒரு ஆசை இருக்கிறது கண்ணு, அதனால்தான். உன் ஊருக்குப் பக்கத்தில் கார்வேட்டிநகரம் இருக்கிறது. அந்த ஊர் வேணுகோபாலன்மேல் சாரங்கபாணி செய்த தெலுங்குப் பதங்கள் இருக்கின்றன. வர்ணங்களுக்குப் பேர்போன கோவிந்தசாமய்யாவும் அந்த ஊர்தான். நீ வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசி வளர்ந்த பெண். அந்தப் பதங்களின் பேச்சு உனக்குப் புரியும், நாடகமும் புரியும். பதம் என்பது அவசரமே தெரியாத பாட்டு. ஒரு வார்த்தையில் நின்று, அடுத்த சுரத்துக்கு நாலு மூச்சு நேரம் எடுத்துக்கொண்டு போகும். அந்த நடையை வழுக்கு வாத்தியம் தாங்குவது போல வேறு எதுவும் தாங்காது. மெட்டு வைத்த வாத்தியத்தில் அந்தப் பயணம் படிக்கட்டு ஏறுவது போல இருக்கும். உன் பாரில் அது ஆறு போல வரும்.

ஆனால் அவ்வளவு மெதுவாகப் பாரை நகர்த்தும்போது உடம்பின் ஒவ்வொரு அசைவும் கம்பியில் கேட்கும். இருநூறு கிராம் இரும்பை இடது கை விரலால் ஏந்தி, ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு நடுங்காமல் கொண்டுபோக, தோள் தளர்ந்து தொங்க வேண்டும். தோள் தளர இடுப்பு நிற்க வேண்டும். இடுப்பு நிற்க உட்காருமிடம் ஆடாமல் இருக்க வேண்டும். நான் பத்துப் பதினோரு வருஷம் மடக்கு இரும்பு நாற்காலியில் வாசித்தேன். இருக்கை பின்னால் சரிந்தது அது. சரிவை ஈடுகட்ட முன்னால் குனிந்து, இடது தோளைத் தூக்கியே வாசித்துப் பழகிவிட்டேன். இப்போது அந்தக் கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாது. துரித காலம் வாசிக்கிறேன். பதம் வாசிக்க முடியவில்லை. கை நடுங்குகிறது. உனக்கு இருபது வயது. உன் தோள் கெடக் கூடாது.

வாங்குவதைவிடச் செய்வது நல்லது. உங்கள் தெருவில் ஜன்னல் சட்டம் செய்கிற தச்சர் ஒருவர் இருக்கிறார் என்றாய், அவரிடமே போ. வேப்ப மரம் போதும், தேக்கு வேண்டியதில்லை. பலகை 14 அங்குலம் அகலம், முன் விளிம்பை உருட்டி இழைக்கச் சொல். ஆணி அடித்து நிறுத்திய கால் ஆறு மாதத்தில் ஆடும். துளை போட்டுக் காலை இறக்கி, கீழே குறுக்குச் சட்டம் வைத்துச் செய்யச் சொல். கால் நுனியில் பழைய சைக்கிள் டயர் வெட்டி ஒட்டினால் சிமெண்டுத் தரையில் வழுக்காது. உயரம் முதலில் 17 அங்குலமாகவே இருக்கட்டும். உட்கார்ந்து வாசித்துப் பார்த்து, ரசமட்டத்தைக் கிட்டாரின் மேல் வைத்துப் பார்த்து, கால் அங்குலம் கால் அங்குலமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். நட்டுப் பக்கமும் பிரிட்ஜ் பக்கமும் குமிழி நடுவில் நிற்க வேண்டும். உன் வயிற்றுப் பக்கம் மட்டும் துளி சாய்ந்திருந்தால் பரவாயில்லை, கோடு நன்றாகத் தெரியும்.

வரும் ஞாயிறு சர்ச் முடிந்ததும் போய்விடு. கிட்டாரைக் கையோடு எடுத்துப் போ. அவர் பட்டறையிலேயே உட்கார்ந்து நீ வாசிக்கிற மோகன வர்ணத்தை முழுக்க வாசித்துப் பார்த்த பிறகு காலை அறுக்கச் சொல். கடைசியில் நின்ற உயரத்தை அங்குலத்தில் எழுதி எனக்கு அனுப்பு. ஆம்ப்ளிபையரைப் பற்றி அதற்கப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
உன் மாஸ்டர்
சித்தூர்